நம்ம கணக்கு, நம்ம பொறுப்பு

2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடி போன்ற செயற்கை அறிவிடம் தமிழில் சொன்னாலே, குழுவின் சேமிப்பு, கடன் கணக்குக்கு நாமே மென்பொருள் செய்துக்கலாம். நல்லதுதான். ஆனா அது தப்பையும் அடித்துச் சொல்லும்.

உதாரணமாக, கடன் ரூ.10,000, மாத வட்டி 2 சதவீதம். அசலில் ரூ.1,000 கட்டியாச்சுன்னா அடுத்த மாத வட்டி ரூ.180. மென்பொருள் ரூ.200 என்று காட்டினால், அந்த ரூ.20 யார் தலையில் விழும்? கடன் வாங்கிய அக்கா தலையில்தானே! அதனால் முதல் மூன்று மாதம் கடன் பேரேட்டையும் கையால் எழுதி ஒத்துப் பாருங்கள்.

பெயர், ஆதார், வங்கிக் கணக்கு எண்களைச் செயற்கை அறிவிடம் சொல்லாதீர்கள். அவை வெளி நிறுவனத்தின் கணினிக்குப் போகும். ‘உறுப்பினர் 1, 2’ என்றாலே போதும்.

தூத்துக்குடியில் 1961 வரை நடந்த முத்துக் குளிப்பில், கயிறு பிடிக்க நம்பிக்கையான ஆளைத்தான் வைத்தார்கள். நம் கணக்கின் கயிறு குழுவின் கையிலேயே இருக்கட்டும். கூட்டத்தில் பேசி, தீர்மானம் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.