கக்காச்சிக் காட்டின் உச்சிக்கு ஒரு முடிச்சு

திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைக்கு மேலே, கக்காச்சியில் தேயிலைச் சரிவை ஒட்டியே பசுமைமாறாக் காடு தொடங்கிவிடுகிறது. வெடிப்பலா போன்ற பெருமரங்களின் முதல் கிளையே பல ஆள் உயரத்துக்கு மேல்தான். பூ, காய், தேனீ, வௌவால் என்று இந்தக் காட்டின் பாதி வாழ்க்கை அங்கேதான் நடக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு இலைகளின் அடிப்புறம் மட்டுமே தெரியும்.

மலைக்குக் கீழே, செம்மணல் தேரிக்காட்டுப் பனையேறி, காலில் தளைநார் மாட்டி, மரத்தை மார்போடு அணைத்து ஏறிவிடுவார். இங்கே அது நடக்காது. அடிமரம் கைக்குள் அடங்காது, பாசி வழுக்கும். 1990களில் இந்தக் காட்டின் மகரந்தச் சேர்க்கையை ஆராய வந்த சௌபத்ரா தேவி, கணேஷ் போன்ற அறிவியலாளர்களுக்குக் கைகொடுத்தது கயிறு.

உறுதியான கிளையாகப் பார்த்து, வில்லாலோ கவட்டையாலோ மெல்லிய தூண்டில் நரம்பை அதற்கு மேலே எய்ய வேண்டும். நரம்பில் சிறுகயிற்றைக் கட்டி இழுத்து, அதில் ஏறுகயிற்றைக் கட்டி இழுத்து, ஒரு நுனியை அடிமரத்தில் கட்டினால் பாதை தயார். அதில் ஏறத்தான் பிடிமுடிச்சு.

மூன்று சுற்றின் பலம்

ஏறுகயிறு 11 மி.மீ. என்றால், 6 மி.மீ. கயிற்றில் ஒரு வளையம் செய்யுங்கள். அதை ஏறுகயிற்றில் மூன்று முறை சுற்றி, வளையத்துக்குள்ளேயே நுழைத்து, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சீராக்கி இழுங்கள். இதுதான் புரூசிக் முடிச்சு. எடை விழுந்தால் இறுகிப் பிடிக்கும். எடையை எடுத்தால் விரலால் மேலே நகர்த்தலாம். இடுப்புவாரில் ஒன்று, கால் வைக்க ஒன்று என்று இரண்டு போதும். உட்கார்ந்து கால் முடிச்சை உயர்த்த வேண்டும். எழுந்து நின்று இடுப்பு முடிச்சை உயர்த்த வேண்டும்.

ஆஸ்திரியாவின் கார்ல் புரூசிக் 1931இல் இதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1958இல் சுவிட்சர்லாந்தின் யூசி, மார்ட்டி இருவரும் இதே வேலையைச் செய்யும், பல் வைத்த உலோகக் கவ்வி ஒன்றைச் செய்தார்கள். இருவர் பெயரின் முதலெழுத்துகளும் சேர்ந்து அது 'ஜூமார்' ஆயிற்று. கழுகுகளை ஆராய்ந்த யூசிக்குக் கயிறேற வேண்டியிருந்தது. 1970களில் உயிரியலாளர் டொனால்ட் பெரி கோஸ்டாரிகா மழைக்காட்டில் கயிறேறும் முறையைப் பரப்பினார்.

எளிமையானதுதான், ஆனால் அலட்சியம் கூடாது. வளையக் கயிறு ஏறுகயிற்றின் பருமனுக்கே இருந்தால் பிடிக்காது. மழையில் நனைந்தால் பிடி தளரும். கக்காச்சியிலோ இரண்டு பருவமழையும் கொட்டும். வேகமாகச் சறுக்கினால் உராய்வுச் சூட்டில் நைலான் உருகும். விழும்போது பதறிப்போய் முடிச்சையே பற்றினால், அது இறுகாமல் கூடவே வழுக்கிவிடும். அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இல்லாமல் ஏறவே கூடாது.

மேலே கண்டது

வெடிப்பலாவின் பூக்கள் கிளையை ஒட்டியே கொத்துக்கொத்தாகப் பூக்கின்றன. சதைப்பற்றான புல்லிதழைத் தின்னப் பகலில் சிங்கவால் குரங்கும் மலையணிலும், இரவில் வௌவாலும் வருவது பதிவானது. தேவியும் பிரியா தாவிதாரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, கக்காச்சியின் 86 மர இனங்களுக்கு மகரந்தம் சுமப்பவை எவை என்று சொன்னது.

இந்த அறிவுக்கு இப்போது அவசரத் தேவை இருக்கிறது. இங்குள்ள தேயிலைத் தோட்டம், சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட நிலம். குத்தகை 2028இல் முடிகிறது. தேயிலைத் தொழிலைக் குத்தகைக்கு எடுத்த நிறுவனம் 2024இலேயே நிறுத்திக்கொண்டது. தேயிலை நின்ற இடத்தில் மீண்டும் காடு வளர வேண்டுமானால், எந்த மரம் எப்போது பூக்கிறது, எப்போது பழுக்கிறது என்பதை ஆண்டுதோறும் மேலே போய்ப் பார்க்க ஆள் வேண்டும்.

அந்த ஆட்கள் இந்த மலையைச் சேர்ந்தவர்களே. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் காணிப் பழங்குடி இளைஞர்களும் இந்தக் காட்டை அறிந்தவர்கள். வனத்துறை அவர்களுக்கு முறையான கயிறேற்றப் பயிற்சியும் தரமான கருவிகளும் காப்பீடும் மாதச் சம்பளமும் தர வேண்டும். காட்டை மீட்கும் வேலையை அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.