உரைக்கோப்பும் படவில்லையும்

அவையோர்முன் ஒரு பொருளைப் படவில்லைகளின் துணையோடு விளக்குவது இன்று பள்ளிகளிலும் வழக்கமாகிவிட்டது. 1987இல் மெக்கின்டாஷ் கணினிக்கென வெளிவந்த பவர்பாயிண்ட், இவ்வழக்கம் பரவ வழிவகுத்தது. ஆயினும் அத்தகைய செயலியைத் திறந்தவுடன் பலரும் தேடுவது கருத்தை அன்று. பின்னணி வண்ணத்தையும் எழுத்தின் அழகையுமே. பொருள் முதிருமுன்னே ஒப்பனை முடிந்துவிடுகிறது.

இதற்கு மாற்றுவழி ஒன்று உண்டு. நோட்பேட் போன்ற எளிய செயலியில், எழுத்துகள் மட்டுமே கொண்ட உரைக்கோப்பை முதலில் எழுதவேண்டும். பின்னர் அதனை வேறொரு மென்பொருளால் படவில்லைகளாக மாற்றவேண்டும். இதற்குரிய குறியீடுகளை, 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன் என்னும் முறை தருகிறது. பனைமரம் பற்றிய இரு படவில்லைகள் பின்வருமாறு அமையும்:

# பனை
- தமிழ்நாட்டின் மாநில மரம்
- நுங்கும் பதநீரும் தருவது

# பனையோலை
- அச்சு வருமுன் நூல்கள் எழுதப்பெற்ற ஏடு

'#' குறியுடன் தொடங்கும் வரி தலைப்பாகும். அங்கே புதிய படவில்லை பிறக்கும். அதற்குமுன் ஒரு வரியை வெறுமையாக விடுதல் வேண்டும். இக்கோப்பைப் பான்டாக் என்னும் கட்டற்ற மென்பொருள், ஒரே கட்டளையில் இணைய உலாவியில் இயங்கும் படவில்லைகளாகவோ பவர்பாயிண்ட் கோப்பாகவோ மாற்றித் தரும். 2006இல் இதனை வெளியிட்ட ஜான் மக்ஃபார்லேன் ஒரு மெய்யியல் பேராசிரியர் என்பது வியப்புக்குரியது.

'சென்ட்' என்னும் மென்பொருள் இன்னும் சிக்கனமானது. வெற்றுவரியால் பிரிக்கப்பட்ட ஒவ்வொரு பத்தியும் அதில் ஒரு படவில்லை. எழுத்தின் அளவை அம்மென்பொருளே முடிவு செய்யும். சொற்கள் குறைந்தால் எழுத்துகள் திரையை நிறைக்கும். மிகுந்தால் படிக்க இயலாதவாறு சிறுத்துவிடும். எனவே, பேசுபவர் தாமாகவே சொற்களைச் சுருக்கிக்கொள்வார். படங்களை நுணுக்கமாக அடுக்கவும் அசைவூட்டவும் விரும்புவோர்க்கு இம்முறை ஏற்றதன்று.

தமிழில் எழுதுவோர் மற்றொன்றையும் கருதவேண்டும். முற்காலத் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழெழுத்துகளை அமைத்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், கட்டுரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். உழைத்து எழுதியது கண்முன் இருந்தும் படிக்க இயலாது. ஒருங்குறி ஒவ்வோர் எழுத்திற்கும் தனி இடம் வகுத்து இக்குறையை நீக்கியது. தமிழ்நாடு அரசு 2010இல் அதனை ஏற்றது. 'பனை' என்னும் சொல் ஒருங்குறியில் பகரம், னகரம், ஐகாரக் குறி என மூன்று குறிகளாகும். யு.டி.எஃப்-8 முறையில் குறிக்கு மூன்றாக 9 பைட்டுகளில் அது சேமிக்கப்படும். இம்முறையில் சேமித்த உரைக்கோப்பைப் பான்டாக் நிறுவப்படாத கணினியிலும், தமிழ் ஒருங்குறி எழுத்துரு ஒன்றிருந்தால், திறந்து படிக்கலாம், திருத்தலாம்.