எந்த மாத்திரை முதல் மாத்திரை?

"அரச மரத்தைச் சுற்றி வந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்" என்று அவசரக்காரியைக் கேலி செய்வார்கள். அந்த அவசரத்தை இன்று வேறோர் இடத்தில் பார்க்கலாம். மருந்துக் கடையில்!

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்கும். "விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். பக்கத்து வீட்டு அக்காள், தான் சாப்பிட்ட மாத்திரையின் பெயரைச் சொல்வாள். இவளும் வாங்கிச் சாப்பிடுவாள். மூன்று மாதம் போகும். ஆறு மாதம் போகும்.

மாத்திரை நல்ல மாத்திரைதான். ஆனால், கோளாறு இவளிடம் இல்லாமல் கணவனிடம் இருந்தால்?

யாரைச் சோதிப்பது?

இருவரையும்தான். கரு உண்டாக மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். பெண்ணுக்கு முட்டை வெளிப்பட வேண்டும். கருக்குழாய் அடைப்பில்லாமல் இருக்க வேண்டும். ஆணின் விந்தில் போதுமான உயிரணுக்கள், நீந்தும் வேகத்தோடு இருக்க வேண்டும்.

இந்த மூன்றில் செலவு குறைந்த, வலியில்லாத சோதனை கணவனுடையது. இரண்டு முதல் ஏழு நாள் வரை சேர்க்கை இல்லாமல் இருந்து, பரிசோதனைக் கூடத்தில் விந்தைக் கொடுத்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு மில்லி லிட்டரில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள் என்பது கீழ் எல்லை. அதற்குக் கீழே போனால் பிள்ளையே பிறக்காது என்று பொருள் இல்லை. மறுபடியும் சோதிப்பார்கள். உயிரணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம் ஆகிறது. நடுவில் கடுங்காய்ச்சல் வந்தால்கூட எண்ணிக்கை குறையும்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? மனைவிக்கு ரத்தச் சோதனை, ஸ்கேன், கருக்குழாய்ப் படம் எல்லாம் முடிந்த பிறகுதான் கணவன் ஆஸ்பத்திரிப் பக்கம் வருகிறான். "எனக்கென்ன குறைச்சல்?" என்று மீசையை முறுக்குகிறவர்களும் உண்டு. அந்த மீசைக்காக மனைவி மாதக் கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டியிருக்கிறது!

கருக்குழாய் அடைத்திருந்தாலும் மாத்திரையால் பயன் இல்லை. நம் நாட்டில் அந்த அடைப்புக்குக் காசநோயும் ஒரு காரணம்.

கட்டி அல்லாத கட்டி

மாதவிலக்கு 40 நாள், 60 நாள் என்று தள்ளிப் போகும் பெண்களிடம் "கர்ப்பப்பையில் நீர்க்கட்டி" என்பார்கள். அது இருப்பது கர்ப்பப்பையில் அல்ல, சினைப்பையில். கட்டியும் அல்ல. பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப் பைகள் அவை.

1935-ல் சிகாகோ நகரத்து டாக்டர்கள் ஸ்டெயின், லெவந்தால் இருவரும் இப்படிப்பட்ட ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். அன்றைய சிகிச்சை கத்திதான். சினைப்பையில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுப்பார்கள்.

பிறகு குளோமிஃபீன் மாத்திரை வந்தது. 1967-ல் அமெரிக்க அரசு அதை அனுமதித்தது. "உடம்பில் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டது" என்று இது மூளையை ஏமாற்றுகிறது. மூளை உடனே சினைப்பையை முடுக்கிவிடுகிறது. முட்டை வளர்கிறது.

லெட்ரோசோல் பிறகு வந்த தங்கை. மார்பகப் புற்றுநோய்க்காகச் செய்த மருந்து அது. முட்டையை வளர்க்கவும் உதவும் என்று 2001-ல் கனடா நாட்டு டாக்டர்கள் மித்வாலி, காஸ்பர் இருவரும் எழுதினார்கள். இது ஏமாற்றுவதில்லை. ஈஸ்ட்ரோஜன் சுரப்பையே சில நாள் குறைக்கிறது. சீக்கிரம் உடம்பை விட்டுப் போய்விடுகிறது. குளோமிஃபீன் வாரக் கணக்கில் தங்கும். சிலருக்குக் கருப்பையின் உள்சவ்வையும் மெலிய வைக்கும்.

தடை வந்தது, போனது

லெட்ரோசோலால் குழந்தைக்கு ஊனம் வரலாம் என்று 2005-ல் ஒரு பேச்சு கிளம்பியது. மறு வருஷமே கனடாவில் 911 குழந்தைகளைப் பார்த்தார்கள். பிறவிக் குறை, லெட்ரோசோல் பக்கம் 100-க்கு 2.4. குளோமிஃபீன் பக்கம் 4.8. பயம் ஆதாரம் இல்லாதது என்று தெரிந்தது.

ஆனாலும், 2011-ல் இந்திய அரசு குழந்தைப்பேற்றுக்கு லெட்ரோசோல் தருவதைத் தடை செய்தது. 2017-ல் தடை நீங்கியது.

தடை இருந்த அந்த நாட்களில்தான், 2014-ல், அமெரிக்காவிலிருந்து பெரிய முடிவு வந்தது. நீர்க்கட்டி உள்ள 750 பெண்கள். பாதிப் பேருக்கு ஒரு மாத்திரை, பாதிப் பேருக்கு மற்றது. ஐந்து மாதவிலக்குச் சுற்று வரை கொடுத்தார்கள். லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 100-க்கு 27.5 பேர் பிள்ளை பெற்றார்கள். குளோமிஃபீனில் 19.1 பேர். இன்று உலக மருத்துவ வழிகாட்டிகள் நீர்க்கட்டிக்கு லெட்ரோசோலையே முதல் மாத்திரையாகச் சொல்கின்றன. பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் "புற்றுநோய்" என்று படித்துவிட்டு அலற வேண்டாம்.

சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் மட்டும் போதுமா? 2007-ல் வந்த ஆராய்ச்சியில் அதைத் தனியாகச் சாப்பிட்டவர்களில் 100-க்கு 7.2 பேருக்குத்தான் குழந்தை பிறந்தது. பருமனான பெண்கள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே, சிலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்துவிடுகிறது.

காரணமே தெரியாவிட்டால்?

எல்லாச் சோதனையும் சரி, குழந்தை மட்டும் இல்லை என்பவர்களுக்குக் கணக்கு மாறுகிறது. 2015-ல் இப்படிப்பட்ட 900 தம்பதிகளைப் பார்த்தார்கள். குளோமிஃபீனில் 100-க்கு 23.3 பேர், லெட்ரோசோலில் 18.7 பேர், ஹார்மோன் ஊசியில் 32.2 பேர் பிள்ளை பெற்றார்கள். அப்படியானால் ஊசியே போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். ஊசியால் கருவுற்றவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கரு! குறைப் பிரசவ ஆபத்து அதில் அதிகம்.

இவர்களுக்கு மாத்திரையோடு, கழுவிச் சுத்தம் செய்த விந்தைக் கருப்பைக்குள் செலுத்துவார்கள். ஐ.யு.ஐ. என்று பெயர். 2018-ல் வெளியான நியூசிலாந்து ஆராய்ச்சியில், மூன்று சுற்று இப்படிச் செய்தவர்களில் 100-க்கு 31 பேருக்குக் குழந்தை. சும்மா காத்திருந்தவர்களில் 9 பேருக்கு.

எவ்வளவு நாள்?

35 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு வருஷம் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாம். 35 தாண்டினால் ஆறு மாதம். 40 என்றால் உடனே.

மாத்திரை சாப்பிடும் மாதத்தில் முட்டை வளர்ந்ததா என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். வளரவில்லை என்றால் டாக்டர் அளவைக் கூட்டுவார். முட்டை வந்தும் ஆறு மாதமாகக் கரு தங்கவில்லையா? பழைய சீட்டையே காட்டி அதே மாத்திரையை மறுபடி வாங்க வேண்டாம். 38 வயதுக்காரர் அந்த ஆறு மாதம்கூடக் காத்திருக்காமல், மூன்றாம் மாதமே அடுத்த சிகிச்சை என்ன என்று கேட்கலாம். போகும்போது கணவரையும் அழைத்துப் போங்கள்.