தாயின் மதுச்சார்பும் குழந்தையின் கல்வியடைவும்: தாம்பரம் – தென்சென்னைப் புறநகர்ச் சூழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

குடிக்கும் தந்தையைப் பற்றித் தமிழகத்தில் மிகுதியாகப் பேசப்பட்டுள்ளது. குடிக்கும் தாயைப் பற்றிய பேச்சு அரிது. எண்ணிக்கை சிறிது என்பது அதற்கு ஒரு காரணம்; நாணம் மற்றொரு காரணம். தாயின் மதுச்சார்பு குழந்தையின் கல்வியடைவை எவ்வழிகளில் தாக்குகிறது என்பதை, வெளிவந்துள்ள ஆய்வுகளைத் தாம்பரம் முதல் பெரும்பாக்கம், கண்ணகி நகர் வரையிலான புறநகர் வாழ்க்கையோடு பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது. தந்தை குடிக்கும் வீட்டில் இழப்பை ஈடுசெய்பவர் தாய். தாயே குடிக்கும்போது அவ்விடத்தைக் குழந்தை நிரப்ப நேர்கிறது; கல்வியிழப்பின் பெரும்பகுதி அங்கேதான் நிகழ்கிறது என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மதுச்சார்பு, தாய்மை, கல்வியடைவு, வருகைப்பதிவு, புறநகர், தாம்பரம், மறுகுடியமர்வு

முன்னுரை

திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் தாய் ஓரிடத்தில் வருகிறாள் (குறள் 923). அங்கு அவள் குடிப்பவள் அல்லள். மகன் கள்ளுண்டு களித்திருப்பதைக் காண நேர்பவள். ஈன்றவளுக்கே அக்காட்சி துன்பம் தருமாயின் சான்றோருக்கு எத்தகையது என்பது அக்குறளின் வாதம். அதற்கு முந்தைய புறநானூற்றிலோ நிலைமை வேறு. அதியமான் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துண்டதை ஔவையார் தம் கையறுநிலைப் பாடலில் (235) வெளிப்படையாகவே நினைவுகூர்கிறார். புலமைப் பெண் கள்ளுண்டது அங்கு மறைக்க வேண்டிய செய்தியாக இல்லை.

இன்றைய தமிழ்ப் பொதுவெளி குறளின் சித்திரத்தையே பின்பற்றுகிறது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் இருக்கக் கூடாதென உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அகற்றப்பட்ட கடைகள் குடியிருப்புகளுக்குள் இடம்பெயர முனைந்தபோது, 2017இல் பல ஊர்களில் அவற்றை மறித்து நின்றோர் பெண்கள். மதுக்கடையை மூடச் சொல்பவள் என்ற அளவிலேயே பெண் இச்சிக்கலில் தெரிகிறாள். இந்தச் சித்திரம் பெரும்பாலான பெண்களைப் பொறுத்தவரை உண்மையானது. ஆனால் அதற்குள் அடங்காத ஒரு சிறு தொகுதியும், அத்தொகுதியின் குழந்தைகளும் பள்ளிகளில் இருக்கிறார்கள்.

எண்ணிக்கை

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மது அருந்துகின்றனர். பெண்களில் இது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. 2019இல் நடுவண் சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட போதைப்பொருள் பயன்பாட்டு அறிக்கை, இந்திய அளவில் ஆண்களில் 27.3 விழுக்காட்டினரும் பெண்களில் 1.6 விழுக்காட்டினரும் மது அருந்துவதாகக் கூறுகிறது. குடிப்போர் அனைவரும் சார்புநிலைக்குச் செல்வதில்லை.

வீட்டு வாசலில், மாமியாரும் அண்டை வீட்டாரும் செவிமடுக்கும் தொலைவில், ‘நீங்கள் மது அருந்துவதுண்டா’ என்ற வினாவுக்கு ஒரு பெண் அளிக்கும் விடையை எவ்வளவு நம்பலாம் என்பதும் சிந்திக்கத்தக்கது. பதிவான விகிதத்தையே ஏற்றுக்கொண்டாலும், ஆயிரம் குழந்தைகள் பயிலும் ஒரு மேல்நிலைப்பள்ளியில் மது அருந்தும் தாய்மார் இரண்டு மூவர் இருக்கக் கூடும். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி முழுவதற்கும் இக்கணக்கை விரித்தால் அது புறக்கணிக்கத்தக்க எண் அன்று.

கருவறைக் காலம்

தந்தையின் குடிக்கு இல்லாத ஒரு வழி தாயின் குடிக்கு உண்டு. கருவுற்ற தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைச் சென்றடைகிறது. பிரான்சின் நாந்த் நகரில் லெமுவான் குழுவினர் 1968இலும், அமெரிக்காவின் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் ஆகியோர் 1973இலும் இதன் விளைவுகளை விவரித்தனர். அதே சியாட்டிலில் ஆன் ஸ்ட்ரைஸ்கத் 1970களின் நடுவில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, முகத்தோற்ற மாற்றம் ஏதுமின்றி இயல்பாகத் தெரியும் குழந்தைகளிடத்தும் கவனக்குறைவு, கணக்கில் பின்னடைவு ஆகியன பள்ளிப்பருவம் வரை நீடிப்பதைக் காட்டியது. நேற்று வாய்ப்பாட்டைச் சரியாகச் சொன்ன குழந்தை இன்று முற்றும் மறந்து நிற்பது, மூன்று கட்டளைகளை ஒருசேரச் சொன்னால் முதலாவதை மட்டும் செய்வது போன்றவை இத்தகைய குழந்தைகளிடம் காணப்படும் இயல்புகள். இவ்வியல்புகளுக்கு வேறு காரணங்களும் பல இருப்பதால், இவற்றைக் கொண்டு ஒரு தாயை ஐயுறுதல் பெரும் பிழையாகிவிடும்.

இங்கே ஒரு முறையியல் சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. குடிக்கும் தாயின் குழந்தை மதிப்பெண் குறைவாகப் பெற்றால் அதற்குக் காரணம் மதுவா, வறுமையா, குடிக்கும் கணவனா, வன்முறையா? இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் நடைபெறும் பெற்றோர் – குழந்தைகள் நெடுங்கால ஆய்வில் நேர்மாறான தோற்றம் ஒன்று எழுந்தது. கருவுற்றிருந்தபோது அளவாக மது அருந்திய தாய்மாரின் பிள்ளைகள் தேர்வில் சற்று மேலாகவே இருந்தனர். அவர்கள் வசதியும் கல்வியும் மிக்க குடும்பத்தினர் என்பதே காரணம். தாயின் மது அருந்தும் போக்கோடு தொடர்புடைய மரபணு வேறுபாட்டைக் கருவியாகக் கொண்டு வர்க்கத்தின் விளைவைப் பிரித்தபோது, மதுவின் விளைவு கல்விக்கு எதிராகவே இருந்தது.

சுவீடனிலிருந்து கிடைக்கும் சான்று இன்னும் தெளிவானது. அங்கு 1967 நவம்பரில் இரு மாவட்டங்களில் மட்டும், அரசு மதுக்கடைகளில் விற்கப்பட்டுவந்த கடும் பீர் சோதனை முறையில் மளிகைக் கடைகளில் விற்க அனுமதிக்கப்பட்டது. அரசு கடையில் 21 வயது நிரம்பாதோர் வாங்க இயலாது. மளிகைக் கடையிலோ இயலும். இளையோரிடையே குடி பெருகியதால் 1968 ஜூலையில் சோதனை நிறுத்தப்பட்டது. அக்காலத்தில் இளம் தாய்மாரின் கருவில் இருந்த குழந்தைகள் முப்பது ஆண்டுகளுக்குப் பின் எவ்வாறு இருந்தனர் எனப் பீட்டர் நில்சன் ஆராய்ந்தார். அவர்கள் பள்ளியில் பயின்ற காலம் குறைவு. ஈட்டிய வருவாயும் குறைவு. இங்கு மாறியது தாயின் குணமன்று. மது கிடைக்கும் எளிமை. மாநிலத்தின் சில்லறை மது விற்பனை முழுவதையும் 2003 முதல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகமே (டாஸ்மாக்) நடத்திவரும் நிலையில், இச்சான்று நமக்கு அயலானது அன்று. தாயின் ஒழுக்கத்தைப் பற்றி எழும் பேச்சு, கடை எங்கே இருக்கிறது என்ற வினாவை எளிதில் மறைத்துவிடுகிறது.

வீட்டின் காலைப்பொழுது

பிறந்த பின்னர் நிகழும் இழப்பு பெரும்பாலும் காலையில் தொடங்குகிறது. தாம்பரம் சானடோரியத்தில் 1984 முதல் இயங்கும் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்திலும், பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் அலுவலகத் துப்புரவுப் பணியிலும், அடுக்ககங்களின் வீட்டு வேலையிலும் இப்பகுதிப் பெண்கள் பெருமளவில் உழைக்கின்றனர். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, பிள்ளைக்குத் தலைவாரிச் சீருடை உடுத்தி அனுப்பிவிட்டுத் தாமும் பேருந்தையோ மின்தொடர் வண்டியையோ பிடிக்கின்றனர். தந்தை குடிக்கும் வீடுகளிலும் இந்த ஒழுங்கு எப்படியோ நிலைக்கிறது. தாய் அதைத் தாங்குகிறாள். தமிழகப் பள்ளிகளில் ‘அப்பா குடிப்பார்’ என்ற குழந்தைகள் பலர் தடையின்றிப் படித்து வருவதற்கு இதுவே அடிப்படை.

தாயிடம் சார்புநிலை தோன்றினால் தாங்குவதற்கு அடுத்த ஆள் இல்லை. குழந்தை எழுப்பப்படுவதில்லை, துவைத்த சீருடை இல்லை, பள்ளி கேட்ட சான்றிதழ் நகல் நாள் கடந்து வருகிறது, அல்லது வருவதே இல்லை. இவை தனித்தனியே அற்பமானவை. ஆனால் கணக்கும் ஆங்கிலமும் படிப்படியாக அமையும் பாடங்கள். திங்கட்கிழமை தொடங்கிய பாடத்தைத் தவறவிட்ட குழந்தைக்குச் செவ்வாயும் புதனும் பயன் தருவதில்லை. நெடுநாள் விடுப்பைக் காட்டிலும், கூலி கைக்கு வந்த மறுநாள் என்பது போல அங்கொன்றும் இங்கொன்றுமான விடுப்பும் தாமதமும் கூடுதலாகக் கவனிக்கத்தக்கவை என்பதற்கு இதுவே காரணம். மாத இறுதி விழுக்காட்டில் அவை கரைந்துவிடுகின்றன.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் (2022) இவ்வகையில் தன் நோக்கத்தைக் கடந்தும் பயன் தருகிறது. வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் குழந்தை பள்ளிக்கு வர அது ஒரு காரணமாகிறது. அத்திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்பில்தான் மூத்த பெண்குழந்தை அடுப்படிக்குப் போகும் வயதை அடைகிறாள்.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளில் இந்நிலை மேலும் கடுமையாகிறது. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து குடும்பங்கள் இருபது கிலோமீட்டர் தொலைவுக்குப் பெயர்க்கப்பட்டபோது, அடுத்த தெருவில் இருந்த பாட்டியும் சித்தியும் அத்தையும் அடுத்த தெருவில் இல்லாமற் போயினர். தாயால் இயலாத நாளில் சோறிடும் கை உறவுமுறையில்தான் இருந்தது. வீடு வழங்கும் திட்டங்கள் அந்தக் கையைக் கணக்கில் எடுத்ததில்லை.

மூத்த மகள்

ஹவாயின் கவாய்த் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த எம்மி வெர்னர், அவர்களுள் மதுச்சார்புடைய பெற்றோரின் பிள்ளைகள் 49 பேரைத் தனியே எடுத்து 1986இல் எழுதினார். தந்தை குடித்த பிள்ளைகளை விடத் தாய் குடித்த பிள்ளைகளுக்கும், பெண்பிள்ளைகளை விட ஆண்பிள்ளைகளுக்கும் உளச்சமூகச் சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. ஆயினும் அந்த 49 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் 18 வயதில் பெருஞ்சிக்கல் ஏதுமின்றியே இருந்தனர். வாழ்வின் முதல் இரண்டாண்டுகளில் குடும்பம் குலையாதிருந்தது அவர்களுக்குத் துணைநின்றவற்றுள் ஒன்று.

பெண்பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள் என்று இதற்குப் பொருள்கொண்டு அமைதியடைதல் எளிது. நம் சூழலில் அந்தத் தாங்குதலின் விலை என்ன என்று கேட்க வேண்டும். தம்பியை எழுப்பி, சோறு பொங்கி, தாயின் முகத்தைத் துடைத்து, ரேஷன் கடைக்கும் சென்றுவரும் பெண் பள்ளியில் ‘பொறுப்பான பிள்ளை’ என்று பாராட்டப்படுகிறாள். மதிப்பெண்ணும் சில காலம் குறைவதில்லை. மதுச்சார்புக் குடும்பங்களைப் பற்றி எழுதிய ஷாரன் வெக்ஷைடர், குறை தெரியாதபடி குடும்பத்தின் பெருமையைச் சுமக்கும் இத்தகைய பிள்ளையைக் ‘குடும்ப நாயகன்’ என்றார். நம்மிடம் அது பெரும்பாலும் நாயகிதான். அவள் பத்தாம் வகுப்பை எட்டும்போது, பாடச்சுமையும் வீட்டுச்சுமையும் ஒரே நேரத்தில் கூடுகின்றன. படிப்பை நிறுத்துவது அப்போது குடும்பத்துக்கு இயல்பான முடிவாகத் தெரிகிறது. மதிப்பெண்ணை மட்டும் நோக்கும் பள்ளிக்கு அவளுடைய இழப்பு கடைசி ஆண்டு வரை புலப்படுவதில்லை.

மறைப்பு

குடித்த ஆணைக் குறிக்கத் தமிழில் கேலியும் பரிவும் கலந்த சொற்கள் பல உண்டு. குடித்த பெண்ணைக் குறிக்க வசைச்சொற்களே எஞ்சியுள்ளன. குழந்தை இதை நன்கறியும். ஆகவே ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை’ என்பதே அதன் நிலையான விடையாகிறது. வீட்டுக்கு நண்பரை அழைத்துவராமை, பெற்றோர் கூட்ட அறிவிப்பை வீட்டில் தராமை ஆகியனவும் இம்மறைப்பின் பகுதிகள். பள்ளி குடும்பத்தோடு கொள்ளும் தொடர்பு முழுவதும் தாய்வழியே நடக்கிறது. கல்வியுரிமைச் சட்டம் (2009) பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. அது நல்ல விதியே. ஆனால் குறிப்பேட்டில் ஆசிரியர் எழுதி அனுப்பும் செய்தி, எந்தத் தாயால் இயலவில்லையோ அதே தாயின் கைக்குத்தான் செல்கிறது. விடை வராதபோது ‘அக்கறையற்ற குடும்பம்’ என்ற முடிவு எழுதப்படுகிறது. குழந்தை சோம்பேறியாகிறது.

‘அம்மா குடிப்பாரா’ என்று கேட்பது ஆசிரியர் செய்யக் கூடாத செயல். ‘காலையில் உன்னை எழுப்புவது யார்? நேற்று இரவு சமைத்தது யார்?’ என்ற வினாக்கள் போதுமானவை. எவரையும் காட்டிக்கொடுக்காமல் குழந்தையால் அவற்றுக்கு விடை சொல்ல இயலும்.

சிகிச்சையும் பிள்ளைகளும்

தென்சென்னைக்கு இத்துறையில் ஒரு வரலாறு உண்டு. கணவரை மதுவுக்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே மருத்துவமனையை நடத்துகிறது. சார்புடையவருக்கு மட்டுமன்றி அவருடைய குடும்பத்தாருக்கும் சிகிச்சை வேண்டும் என்ற கருத்தை இந்தியாவில் வேரூன்றச் செய்ததில் அதற்குப் பெரும்பங்குண்டு. எனினும் நாட்டின் மதுமீட்பு அமைப்பு முழுமையும், நோயாளி ஆண், உடன் வருபவர் மனைவி என்ற கற்பனையில் எழுந்தது. நோயாளி மனைவியானால் உடன் வரக் கணவர்கள் முன்வருவது அரிது.

உடலியலும் பெண்ணுக்குச் சாதகமாக இல்லை. உடலில் நீரின் அளவு குறைவாதலால் அதே அளவு மது பெண்ணின் குருதியில் கூடுதல் செறிவை உண்டாக்குகிறது. குடிக்கத் தொடங்கிய ஆண்டுக்கும் நோய் முற்றும் ஆண்டுக்கும் இடைவெளி குறைவு. ஆதலின் விரைந்து சிகிச்சைக்கு வரவேண்டியவர் பெண்ணே. அவரைத் தடுத்து நிறுத்துவது பிள்ளைகளைப் பற்றிய அச்சம். உள்நோயாளியாகச் சில வாரங்கள் தங்கினால் பிள்ளைகளை யார் பார்ப்பார்? செய்தி வெளியானால் ‘தகுதியற்ற தாய்’ என்று பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களோ? பேணும் ஆற்றலற்ற பெற்றோரை உடைய குழந்தையைப் பராமரிப்பு தேவைப்படும் குழந்தையாக இளைஞர் நீதிச் சட்டம் (2015) வரையறுப்பதால், இவ்வச்சம் அடிப்படையற்றது என்று சொல்லிவிட முடியாது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) மதுவால் விளையும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. அதன் 21ஆம் பிரிவு, மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை இயல்பாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. பள்ளி செல்லும் குழந்தையைப் பற்றி அப்பிரிவு பேசவில்லை. ஆறாம் வகுப்பில் பயிலும் மகள் அந்தச் சில வாரங்கள் எங்கே உறங்குவாள், யார் அவளைப் பள்ளிக்கு அனுப்புவார் என்பதற்கு விடை கிடைத்தால் தாய் சிகிச்சைக்கு வருவாள். நடுவண் அரசின் வாத்சல்யா திட்டத்தில், பேண இயலாத பெற்றோரின் குழந்தைகளுக்கு மாதம் ₹4,000 நிதியாதரவு வழங்க இடமுண்டு. அத்தொகையைத் தாயின் சிகிச்சைக் காலத்திற்கும், பிள்ளைகளை ஏற்கும் பாட்டிக்கோ சித்திக்கோ, குழந்தை அதே பள்ளியில் தொடரும் ஏற்பாட்டோடு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள் வழங்க முன்வருதல் வேண்டும். செங்கல்பட்டு, சென்னை ஆகிய இரு மாவட்டங்களின் எல்லையில் அமைந்த இப்புறநகர்களில் அதை எந்த மாவட்டத்தின் அலகு செய்வது என்பது, தாய் மருத்துவமனைக்குச் செல்லும் முன்பே முடிவாகியிருக்க வேண்டிய செய்தி.