இறுதியாட்டமும் இரவல் மொழியும்: கிரிக்கட் ஒலிபரப்பின் வரலாறு குறித்துக் கல்முனைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

வானொலியினதும் தொலைக்காட்சியினதும் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் செய்தியையும் இசையையும் நாடகத்தையுமே கருத்திற் கொண்டனர். விளையாட்டு ஒலிபரப்பு அவர்தம் நூல்களில் ஓரிரு பந்திகளுடன் முடிந்துவிடும். ஆயினும் ஒரு நாட்டு மக்கள் ஒரே வேளையில் ஒரே குரலுக்குச் செவிசாய்த்த பொழுதுகளை எண்ணிப் பார்ப்போமாயின், அவற்றுட் பல ஏதோவொரு போட்டித் தொடரின் அரையிறுதி அல்லது இறுதியாட்டப் பொழுதுகளாகவே இருத்தலைக் காணலாம். அத்தகைய பொழுதுகளில் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலாய கரையோர ஊர்களில் வாழும் தமிழ் பேசும் மக்களின் செவியில் விழுந்த மொழி யாது? அக்குரலை அவர்களிடம் கொண்டுசேர்க்கும் உரிமை எவரிடம் இருந்தது? இவ்விரு வினாக்களே இக்கட்டுரைக்குக் காரணமாயின.

நேர்முக வர்ணனை என்னும் கலை இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இருபதுகளிற் பிறந்தது. 1921இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகர வானொலி நிலையமொன்று பேஸ்போல் ஆட்டத்தை முதன்முறையாக ஒலிபரப்பியது. அவ்வாண்டின் இறுதித் தொடரும் வானலை ஏறிற்று. இங்கிலாந்தில் 1927 மே மாதம் லேய்ற்றன் மைதானத்திலிருந்து பி.பி.சி. கிரிக்கட் வர்ணனையைத் தொடங்கியது. அதனை வழங்கியவர் ஒரு பாதிரியார். மைதானத்திலிருந்து நேரடி இணைப்புக் கிட்டாதவிடத்து நிலையத்தார் கையாண்ட உபாயம் சுவையானது. 1938இல் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்திற் சுற்றுப்பயணம் செய்தபோது, சிட்னி நிலையத்தில் இருந்த வர்ணனையாளர்கள் தந்தியில் வந்த சுருக்கக் குறிப்புகளை விரித்துரைத்து, மரக்கட்டையிற் பென்சிலாற் தட்டிப் பந்தடிக்கும் ஓசையை உண்டாக்கினர். கேட்டவர்கள் அதனை ஏமாற்று என்று கொள்ளவில்லை. காணாததைக் காட்டும் ஆற்றல் சொல்லுக்கு உண்டு என்பதை அவ்வோசை மெய்ப்பித்தது.

இலங்கையில் 1925 டிசெம்பரில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. 1949இல் ரேடியோ சிலோன் அமைந்தது. 1967இல் அது கூட்டுத்தாபனமாயிற்று. தொடக்க காலத்தில் கிரிக்கட் வர்ணனை ஆங்கிலத்துக்கே உரியதாயிருந்தது. லூசியன் டி சொய்சா போன்றோர் அதில் பெயர்பெற்றனர். கொழும்புக் கல்லூரிகளின் பெரும்போட்டிகளைக் கொழும்பு நடுத்தர வர்க்கத்தின் மொழியிலேயே வர்ணித்தமை வியப்பன்று. பின்னர் கருணாரத்ன அபேசேகர, பிரேமசார ஏப்பாசிங்க, பாலித பெரேரா ஆகியோர் சிங்களத்தில் வர்ணனை மரபொன்றை உருவாக்கினர். ஆங்கிலக் கலைச்சொற்களுக்கு ஈடான சிங்களச் சொற்கள் அவர்கள் வாயிலாகக் கிராமங்களுக்குச் சென்றன. பின்னாளில் தலைநகருக்கு வெளியேயுள்ள பாடசாலைகளிலிருந்து ஆட்டக்காரர் தோன்றியமைக்கு இதுவும் ஒரு காரணமென நாம் கருதுகிறோம். மைதானத்தையே காணாத சிறுவனுக்கு ஆட்டத்தின் நுணுக்கத்தைத் தாய்மொழியிற் கற்பித்த ஆசானாக வானொலி அமைந்தது.

தமிழில் அத்தகைய தொடர்ச்சியான மரபு இங்கு அந்த அளவிற்கு வளரவில்லை. இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையின் அறிவிப்புத் திறனும் தமிழ் நாடகங்களும் தமிழகத்தார் வரை புகழ் பெற்றவை. அவ்வாறிருந்தும் பந்துக்குப் பந்து தமிழில் வர்ணிக்கும் கலை கடலுக்கப்பாலேயே செழித்தது. 1980களில் சென்னை வானொலியின் வாயிலாகச் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், இராமமூர்த்தி போன்றோரின் தமிழ் வர்ணனை பெருந்தொகையான நேயர்களை ஈர்த்தது. ஜப்பார் தென்பாண்டிக் கரையைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம். அவரது பேச்சில் இருந்த செந்தமிழ் நடை எமது கரையோர ஊரவர் செவிக்கு அந்நியமாயிருந்திருக்க முடியாது.

எனினும் அக்குரலைக் கிழக்குக் கரையிற் கேட்பதற்கு இயற்கையே தடையாக நின்றது. மத்திய அலை பகலில் நெடுந்தூரம் செல்வதில்லை. சூரிய ஒளியால் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் உண்டாகும் ஒரு படை அவ்வலையை உறிஞ்சிவிடுகிறது. இரவில் அப்படை மறைய, அலை மேலே சென்று தெறித்துத் தொலைவில் வந்து விழுகிறது. ஆகவேதான் தமிழக நிலையங்களின் இசை நிகழ்ச்சியை இரவிற் தெளிவாகக் கேட்பவர், பகலில் அதே நிலையங்களை இரைச்சலின் நடுவே தேட நேரிடும். அக்காலக் கிரிக்கட்டோ பகல் விளையாட்டு. சிற்றலையில் வரும் பி.பி.சி. ஆங்கில வர்ணனை பகலிலும் கிட்டும். தமிழ் நேயரின் வானொலியில் தாய்மொழி இரைச்சலுடனும் ஆங்கிலம் தெளிவாகவும் கேட்ட நிலைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவ்விடத்துக் கலைச்சொற்களைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். இலங்கைத் தமிழ்ச் செய்தியறிக்கைகளும் நாளேடுகளும் தமக்கெனச் சொற்தொகுதியொன்றை ஆக்கிக்கொண்டன. துடுப்பாட்டம், பந்துவீச்சு, களத்தடுப்பு, பந்துப் பரிமாற்றம், இணைப்பாட்டம், நாணயச் சுழற்சி என்பன அவை. தமிழகத்தில் 'மட்டை' எனப்படுவது இங்குத் 'துடுப்பு' ஆயிற்று. கல்முனைக் கரையில் துடுப்பு என்பது தோணி வலிக்கும் கருவி. மட்டை என்பதோ தென்னையிலிருந்து விழுவது, அதைச் செதுக்கித்தான் எமது சிறுவர்கள் பந்தடித்தனர். ஆக, அறிக்கையில் வந்த சொல் கடலுக்குரியதாகவும், கையில் இருந்த பொருள் தோட்டத்துக்குரியதாகவும், ஆட்டம் இங்கிலாந்துக்குரியதாகவும் அமைந்தன. இச்சொற்கள் மருதமுனைத் தறிப்பட்டறையிலும் வயல்வாடியிலும் தேநீர்க் கடையிலும் எவ்வாறு வழங்கின என்பது தனியே ஆராயத்தக்கது. செய்தியிற் கேட்டவர் 'ஆட்டமிழந்தார்' என்பர், பந்தடித்தவர் 'அவுட்' என்பர். ஒரே வாய் இரண்டையும் கூறும்.

தொலைக்காட்சி தாமதித்தே வந்தது. சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலிற் கொழும்பையும் சூழலையும் நோக்கித் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டு ஜூன் 18ஆந் திகதி மன்செஸ்டரில், டெஸ்ட் தகுதி பெறாத இலங்கை அணி உலகக் கிண்ணப் போட்டியில் இந்தியாவை 47 ஓட்டங்களால் வென்றபோது நாட்டின் பெரும்பகுதிக்கு வானொலியே துணை. ஜப்பானிய உதவியுடன் அமைந்த ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆந் திகதி தொடங்கியது. இரண்டே நாள் கழித்து, 17ஆந் திகதி, கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை இங்கிலாந்துக்கெதிராகத் தொடங்கியது. தேசியத் தொலைக்காட்சியும் தேசிய அணியும் ஏறத்தாழ ஒருங்கே பிறந்தன. அம்மைதானம் ஒரு தமிழரின் பெயரைத் தாங்கியது என்பதையும் இவ்விடத்து நினைத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு ஜூலையில் இந்நாட்டுத் தமிழர்க்கு நேர்ந்ததை அறிந்தவர்க்கு, 'தேசம்' என்ற சொல் அத்திரையில் எவ்வளவு அகலமாயிருந்தது என்ற ஐயம் எழும்.

உலகக் கிண்ணத்தின் முதல் மூன்று தொடர்களுக்கும் ஒரு காப்புறுதி நிறுவனம் புரவலராயிருந்தது. 1992இலும் 1996இலும் அவ்விடத்தைச் சிகரெட் நிறுவனங்கள் பிடித்தன. இதனிலும் பெரிய மாற்றம் ஒளிபரப்பு உரிமையில் நேர்ந்தது. அவுஸ்திரேலியாவில் 1977இல் கெரி பாக்கர் தொடங்கிய தனித் தொடரே, ஒளிபரப்பு உரிமைக்காக ஆட்டக்காரரையே விலைக்கு வாங்கலாம் என்பதை உலகுக்கு உணர்த்தியது. இந்தியாவில் 1993ஆம் ஆண்டு ஹீரோ கிண்ணப் போட்டியின் ஒளிபரப்பை வங்காளக் கிரிக்கட் சங்கம் வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு அளித்தபோது தூர்தர்ஷன் எதிர்த்தது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தைக் காட்டி அரசு தன் ஏகபோகத்தை நிலைநாட்ட முயன்றது. 1995 பெப்ரவரி 9ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இரு திறத்தாரையும் மறுத்தது எனலாம். வானலைகள் பொதுச் சொத்து, அவை அரசின் தனியுடைமையும் அல்ல, பணம் படைத்தோரின் உடைமையும் அல்ல என்பதே அதன் சாரம். கிரிக்கட் வழக்கொன்றிலிருந்து இத்தகைய கோட்பாடு பிறந்தது சிந்திக்கற்பாலது.

அக்கோட்பாடு விரைவிலேயே கடல் கடந்தது. 1997 மே மாதத்தில் இலங்கை உயர் நீதிமன்றம், ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை அரசியலமைப்புக்கு முரணானதெனக் கண்டது. அலைவரிசைகள் வரையறுக்கப்பட்டவை, ஆதலின் அவற்றை நிருவகிக்கும் சபை அரசிலிருந்து விலகிச் சுதந்திரமாக நிற்கவேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. அதற்குச் சற்று முன்னர், வானொலிக் கல்வி நிகழ்ச்சியொன்று இடையில் நிறுத்தப்பட்டதை எதிர்த்துப் பங்கேற்பு நேயர் ஒருவர் தொடுத்த வழக்கில், அவரது கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரம் மீறப்பட்டதென அதே நீதிமன்றம் தீர்த்தது. கேட்பவனும் உரிமையாளனே என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டா. சுதந்திரமான அதிகாரசபையோ அதன்பின் கால் நூற்றாண்டு கழிந்தும் அமையவில்லை.

இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையேதான் 1996ஆம் ஆண்டு உலகக் கிண்ணம் நிகழ்ந்தது. அதன் தொலைக்காட்சி உரிமையை வேர்ல்ட்ரெல் என்னும் நிறுவனம் ஏறத்தாழ 1 கோடி அமெரிக்க டொலருக்குப் பெற்றது. ஜனவரி 31ஆந் திகதி கொழும்பு மத்திய வங்கி குண்டு வெடிப்பின் பின் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இங்கு வர மறுத்தன. மார்ச் 13இல் கல்கத்தா அரையிறுதியில் இலங்கையின் 251 ஓட்டங்களுக்கு எதிராக இந்தியா 8 விக்கட்டுகளை இழந்து 120 ஓட்டங்களுடன் தத்தளிக்கையில், பார்வையாளரின் குழப்பத்தால் ஆட்டம் நின்று, வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. மார்ச் 17இல் லாகூரில் மின்னொளியில் நடந்த இறுதியாட்டத்தில் அவுஸ்திரேலியாவின் 241 ஓட்டங்களை இலங்கை 3 விக்கட்டுகளை மாத்திரம் இழந்து கடந்தது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது 107 ஓட்டங்களைப் பெற்றார், பந்துவீச்சில் 3 விக்கட்டுகளையும் வீழ்த்தினார்.

அந்த இரவு லாகூர் மக்கள் இலங்கை அணிக்கே ஆரவாரித்தனர். பாகிஸ்தான் ஆடும் நாளெல்லாம் முஸ்லிம் ஊர்களின் விசுவாசத்தை ஐயுறும் வழக்கம் தென்னாசியாவில் புதிதன்று. கிழக்கிலங்கை முஸ்லிம்களும் அக்கண்பார்வைக்கு உட்பட்டவர்களே. விளையாட்டில் ஒரு துடுப்பாட்டக்காரனை விரும்புவதற்கும் நாட்டுரிமைக்கும் முடிச்சிடும் அவ்வாதத்தை லாகூர்க் கூட்டமே அன்று எதிர்த்திசையில் நின்று மறுத்துவிட்டது. லாகூர் மக்கள் கொழும்பு அணிக்குக் கைதட்டியமையால் அவர்தம் குடியுரிமையை எவரும் ஐயுறவில்லை.

1990களின் பிற்பகுதியில் தனியார் தமிழ் வானொலிகளும் சக்தி தொலைக்காட்சியும் தோன்றின. நேயரின் தெரிவு விரிந்தது, ஆயினும் பெருந்தொடர்களின் உரிமை விலை தமிழ் அலைவரிசைகளின் விளம்பர வருவாயை விஞ்சியே நின்றது. அரசுத் தொலைக்காட்சியில் ஆங்கிலத்துக்கும் விளையாட்டுக்கும் உரிய சேனல் ஐயும் தமிழுக்குரிய நேத்ராவும் நெடுங்காலம் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொண்டன. இவ்வேற்பாட்டின் விளைவை ஊகித்தல் எளிது. ஆட்டம் நீளும்போது சுருங்குவது எம்மொழிக்குரிய நேரம். கிரிக்கட்டை விரும்பும் தமிழ் நேயர் தமது மொழியின் நேரத்தைக் கொடுத்தே அதனைப் பார்க்கவேண்டியவரானார். ஆட்டத்தையே தமிழில் வர்ணித்திருப்பின் இச்சிக்கல் எழுந்திராது. இதனைச் செலவுக் காரணம் மாத்திரம் என்று நாம் ஏற்பதற்கில்லை. நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றில் வர்ணனையாளர் இருவரை அமர்த்துவதற்கு ஆகும் தொகை, உரிமைக் கட்டணத்தின் முன் மிகச் சிறிது.

2017இல் இந்தியாவில் தமிழுக்கெனத் தனி விளையாட்டு அலைவரிசை தொடங்கப்பெற்றது. சென்னைத் தமிழ் வர்ணனை இன்று கைத்தொலைபேசியிலும் இக்கரைக்கு வந்து சேர்கிறது. சந்தாங்கேணி மைதானத்தில் விளையாடும் சிறுவர் வாயில் 'மட்டை'யும் 'துடுப்பும்' கலந்து வழங்குவதற்குரிய சூழல் இவ்வாறு உருவாகிவிட்டது. 'பந்துப் பரிமாற்றம்' என்ற எம்மவர் ஆக்கம் அவ்வர்ணனையிற் கேட்பதில்லை. அச்சொற்களை ஆக்கிய செய்தியறை ஊழியர்களுட் பலரின் பெயர்கள் எந்நூலிலும் பதிவாகவில்லை. அவர்களில் எஞ்சியிருப்போரைச் சந்தித்து, எச்சொல் எவ்வாண்டு எவ்வறிக்கையில் முதன்முதலாக வந்தது என்பதைக் கேட்டெழுதும் பணியைக் கல்முனை, அக்கரைப்பற்று, ஒலுவில் ஆகிய இடங்களிலுள்ள மாணவர் தொடங்குவாராயின், இக்கட்டுரையின் குறைபாடுகள் பல அவர்களால் நிறைவுறும்.