தரமணியில் ஒரு டீ மேசை

அக்கா பொண்ணு தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேரப்போகிறாள். போன வாரம் போனில், "மாமா, மொத்தமே கொஞ்சம் பேர்தானாமே, போர் அடிக்காதா?" என்று கேட்டாள். அவள் படித்தது விருதுநகர்ப் பக்கம் ஒரு பெரிய கல்லூரி. நியாயமான கேள்விதான். பதிலை யோசித்தபோது, அந்த நிறுவனம் பிறந்த கதையிலேயே பாதி பதில் இருப்பதாகப் பட்டது.

நமக்குப் பழகின கல்லூரி வாழ்க்கை வேறு மாதிரி. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்து வந்தது. கல்லூரி பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் தேர்வு வைக்கும். வாத்தியாரும் மாணவரும் சேர்ந்து எங்கிருந்தோ வரும் கேள்வித்தாளுக்குத் தயாராவார்கள். மணி அடித்ததும் அந்த உறவு பெரும்பாலும் முடிந்துவிடும். மிச்ச வாழ்க்கையெல்லாம் கேன்டீன், பஸ், ஹாஸ்டல், கல்ச்சுரல்ஸ். அதில் ஒரு வசதியும் உண்டு: கூட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம், நமக்கேற்ற நாலு பேரைத் தேடிக்கொள்ளலாம்.

தரமணிக் கதை மயிலாப்பூரில், ஒரு வீட்டில் தொடங்குகிறது. இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் 1957-58-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் இருந்துவிட்டுத் திரும்பினார். அங்கே பட்டமும் கிடையாது, தேர்வும் கிடையாது. தினமும் பிற்பகல் டீக்கு எல்லாரும் கூடிப் பேசுவார்கள். ஊருக்கு வந்தவர், லஸ் சர்ச் சாலையில் இருந்த தன் குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸில் மாணவர்களைக் கூட்டி ஒரு கருத்தரங்கு நடத்த ஆரம்பித்தார். சென்னைக்கு வரும் வெளிநாட்டு விஞ்ஞானிகளை அங்கேயே அழைத்துப் பேசவைத்தார். விருந்தும் அந்த வீட்டிலேயே. 1960-ல் நீல்ஸ் போர் சென்னை வந்தபோது இந்த மாணவர் குழுவைப் பார்த்துப் பாராட்டினார். அந்தப் பாராட்டு நேருவின் கவனத்துக்குப் போனது. அப்போது மாநிலக் கல்வி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியமும் துணை நின்றார். 1962 ஜனவரி 3-ம் தேதி மாநிலக் கல்லூரியில் நிறுவனம் தொடங்கப்பட்டது. தரமணிக் கட்டடம் அதற்குப் பிறகு வந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, நிறுவனத்துக்கு முன்னாடி வந்தது ஒரு பழக்கம் என்பதுதான். புத்தகத்தில் பெயரை மட்டும் பார்த்த மனுஷர் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார். மாணவர் அவரிடம் கேள்வி கேட்கலாம். அதற்கு மதிப்பெண் கிடையாது. அதனால் தப்பாகக் கேட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. சின்ன இடத்தின் பலமே இதுதான். தலை எண்ணிக்கை குறைவாக இருப்பது அதற்கு வசதி செய்து தருகிறது, அவ்வளவுதான்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. படிக்கிற காலத்தில் ஒரு கோடை முழுக்க வேறொரு சின்ன ஆய்வு நிறுவனத்தில் இருந்தேன். டீ நேரத்தில் எல்லாரும் ஒரே மேசை. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றார்கள். எனக்கோ 'சார்' இல்லாமல் வாயே திறக்கவில்லை. பேச்செல்லாம் இங்கிலீஷ். ரெண்டு மாசத்தில் அந்த மேசையில் நான் பேசினது மொத்தம் பத்து வாக்கியம் இருந்தால் அதிகம். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அதனாலேயே யாரையும் குறை சொல்லவும் முடியவில்லை.

விதியே இல்லாத இடத்தில் எழுதாத விதிகள் நிறைய இருக்கும். பேச்சில் குறுக்கே புகுந்து கேட்பது, 'எனக்குப் புரியல' என்று சிரித்துக்கொண்டே சொல்வது, இதெல்லாம் வீட்டில் அப்படிப் பேசி வளர்ந்தவர்களுக்கு இயல்பாக வரும். குடும்பத்தில் முதலாவதாகப் படிக்க வந்தவர் யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருப்பார். பெரிய கல்லூரியில் பாடத்திட்டமாவது அச்சில் இருக்கும். இங்கே பாதிப் படிப்பு டீ மேசையில் நடக்கிறது. அங்கே வாய் திறக்காதவருக்கு அந்தப் பாதி போச்சு.

அவளிடம் ரெண்டு விஷயம் சொன்னேன். வாரத்துக்கு ஒரு கேள்வியை முன்கூட்டியே யோசித்து எடுத்துக்கொண்டு போ, தமிழும் இங்கிலீஷும் கலந்து வந்தாலும் கேட்டுவிடு. ரெண்டு வருஷம் கழித்து உன் மேசையில் பேசாமல் டீ குடிக்கிற பிள்ளை ஒன்று இருக்கும். அதனிடம், "நீ என்ன படிச்சுட்டு இருக்கே?" என்று நீயே முதலில் கேள்.

என்னிடம் அப்படி ஒருத்தர் கேட்டார், கிளம்புவதற்கு முதல் நாள். அந்தப் பத்து வாக்கியத்தில் ஏழு அன்றைக்குப் பேசினதுதான்.