சீக்கியர் நினைவில் நிற்பவர்களும் நழுவுபவர்களும்

சீக்கிய வழிபாட்டின் நிறைவில் அனைவரும் எழுந்து நின்று பங்கேற்கும் ‘அர்தாஸ்’ என்னும் பொது வேண்டுதல், இறையருளைக் கேட்பதோடு அமையாமல், சமயத்திற்காகத் தலை கொடுத்தவர்களையும் அங்கம் அங்கமாக வெட்டுண்டு இறந்தவர்களையும் நினைவுகூர்கிறது. 1762இல் ஆப்கானிய மன்னர் அகமது ஷா அப்தாலியின் படை சீக்கியர்மீது நிகழ்த்திய ‘வட்டா கல்லுகாரா’ என்ற பெரும்படுகொலை இன்றும் மறக்கப்படாதிருப்பதில் இம்மரபுக்குப் பெரும் பங்குண்டு. ஆயினும் அஞ்சாமல் இறந்தவருக்கு அது தரும் இடத்தை, அஞ்சிப் பிழைத்தவருக்குத் தருவதில்லை.

1947 மார்ச்சில் ராவல்பிண்டி மாவட்டத்துத் தோவா கால்சா கிராமம் தாக்கப்பட்டபோது கிணற்றில் குதித்து உயிர்விட்ட சுமார் 90 பெண்கள் தியாகிகளாகப் போற்றப்படுகின்றனர். பிரிவினையின்போது கடத்தப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்ட பெண்களைப் பற்றியோ குடும்பங்கள் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. குதித்தவர்கள் எல்லாரும் விரும்பித்தான் குதித்தார்களா என்ற கேள்வியே, ஊர்வசி புட்டாலியா போன்றோர் முதியவர்களின் வாய்மொழி வரலாற்றைத் திரட்டிய பிறகு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத்தான் உரக்கக் கேட்கப்பட்டது.

1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தி தம் சீக்கிய மெய்க்காவலர் இருவரால் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, தில்லியில் மட்டும், அரசுக் கணக்கின்படியே 2,733 சீக்கியர் கொல்லப்பட்டனர். திரிலோக்புரி, சுல்தான்புரி போன்ற ஏழைக் குடியிருப்புகளிலேயே இழப்பு மிகுதி. வெட்டாமல் காக்கவேண்டிய கேசத்தை உயிருக்கஞ்சி வெட்டிக்கொண்ட ஆண்கள் பலர். கொடுமை செய்தவர்கள் வெட்கப்படவேண்டிய ஒன்றுக்குப் பிழைத்தவர்கள் வெட்கப்பட்டு, தம் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் இருந்துவிட்டது பெருந்துயரம். கணவரை இழந்த பெண்கள் குடியமர்த்தப்பட்ட மேற்குத் தில்லியின் திலக் விகார் பகுதிக்கு ‘விதவைகள் காலனி’ என்ற பெயரே நிலைத்தது. தாய் வேலைக்குச் சென்றுவிட, அங்கு தனித்து வளர்ந்த பிள்ளைகளுள் படிப்பை இழந்தவர்களும் போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களும் உண்டு. கனடாவிலும் பிரிட்டனிலும் வளரும் இளையோரோ 1984ஐ ஊர்வலங்கள், கண்காட்சிகள் வழியாகவும் அறிகின்றனர். அவர்களின் சினம் நியாயமானதே, ஆனால் இப்பெண்கள் பிழைப்புக்குப் பட்ட பாடு அதில் அரிதாகவே இடம்பெறுகிறது.

2017இல் தில்லி ரகாப் கஞ்ச் குருத்துவாரா வளாகத்தில் 1984இல் இறந்தோரின் பெயர்கள் பொறித்த ‘உண்மைச் சுவர்’ திறக்கப்பட்டது. மறு ஆண்டு டிசம்பரில் காங்கிரஸின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் சஜ்ஜன் குமாருக்கு அக்கொலைகள் தொடர்பான வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தபோது, அத்தீர்ப்பைத் தாங்கி நின்ற முதன்மையான சான்றுகளுள் ஒன்று, கணவரையும் மகனையும் பறிகொடுத்த பெண் ஒருவர் 34 ஆண்டுகள் விடாமல் காத்துவைத்திருந்த வாக்குமூலம்.